பகா எண் எனப்பட்ட ஒரு பேரெண்

சதுரங்கப் பலகையின் கதையை நம் கல்லூரி மாணவருள் கேளாதார் இரார். அவ்வாட்டத்தைக் கண்ட அறிஞனை நோக்கி அரசன், வேண்டும் பரிசைக் கேள் என, அவனும் முதற்கட்டத்திற்கு ஒரு நெல்லும், இரண்டாம் கட்டத்திற்கு இரண்டும், மூன்றாம் கட்டத்திற்கு நான்குமாகக் கட்டந்தோறும் இரட்டித்து, அறுபத்துநான்கு கட்டங்கட்கும் நெல் தருக என்றான். அரசன் நகைத்து இசைந்தான், களஞ்சியம் போதவில்லை. கதை சொல்வாரெல்லாம் கடைசிக் கட்டத்திற்கே விரைந்து சென்றுவிடுவர். யாம் பாதிப் பலகையோடு நிற்கக் கருதுகின்றோம். முப்பத்திரண்டு கட்டங்கள் நிரம்பியவுடன் அவற்றிலுள்ள நெல்லெல்லாம் சேர்ந்து 4294967295 ஆகும். அடுத்த கட்டமாகிய முப்பத்துமூன்றாவதில் மட்டும் வைக்கற்பாலது 4294967296. அதனொடு இன்னும் ஒரு நெல்லைச் சேர்த்தால் 4294967297. நம் நாட்டு முறையிற் படிப்பின், நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இவ்வெண்ணே இக்கட்டுரையின் தலைவன்.

எண்ணிறந்த எண்களுள் ஒன்றைத் தனியே எடுத்துப் பேசுதற்குக் காரணம் வேண்டுமன்றோ? ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவர் இதனைப் பகா எண் என நம்பி எழுதினார். அவர் கூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் வீழாது நின்றது. பின்னர் இருபத்தைந்து வயதினர் ஒருவர், 641 என்னும் மூன்றிலக்க எண் இதனை மீதியின்றி வகுக்கும் எனக் காட்டினார். அதனினும் வியப்பு, இவ்வெண்ணைப் பிளத்தற்குரிய கருவியை முன்னவரே தம் கையாற் செய்து வைத்திருந்தார் என்பது. கருவியும் இருந்தது, மரமும் இருந்தது. கோடரி மட்டும் மரத்தின்மேல் விழவில்லை.

கணிதம் பயிலாத நேயர்களுக்காக ஒரு சொல். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11, 13 என்பன போல்வன. ஒன்று இவ்வரிசையிற் சேர்வதன்று. ஏனையவை பகு எண்கள். அவை பகா எண்களின் பெருக்கமாகவே அமையும். அவ்வாறு பெருகி நிற்கும் எண்களைக் காரணிகள் என்போம். ஓர் எண் சிறியதாயின் அது பகுமா பகாதா எனக் காண்பது எளிது. பெரிதாக ஆக அத்தொழில் மிக வளரும். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-க்குச் சற்றே மேற்பட்டது. ஆதலின் இதனை ஐயமறப் பகா எண் என்று சொல்ல விரும்புவோன், வேறு உபாயம் அறியானாயின், 65536-க்கு உட்பட்ட பகா எண்கள் 6542-ஆலும் தனித்தனி வகுத்துப் பார்த்தல் வேண்டும்.

இவ்வெண் பிறந்த வரிசையைக் காண்போம். 2-உடன் ஒன்று கூட்ட 3. இரண்டின் வர்க்கமாகிய 4-உடன் ஒன்று கூட்ட 5. நான்கின் வர்க்கமாகிய 16-உடன் ஒன்று கூட்ட 17. இவ்வாறே 256-உடன் ஒன்று கூட்ட 257. 256-இன் வர்க்கமாகிய 65536-உடன் ஒன்று கூட்ட 65537. இவை ஐந்தும் பகா எண்களே. எவரும் வகுத்துக் காணலாம். 65536-ஐ மீண்டும் வர்க்கித்து ஒன்று கூட்டின் நம் 4294967297 தோன்றும். இஃது இரண்டை முப்பத்திரண்டு முறை வைத்துப் பெருக்கிய பலனினும் ஒன்று கூடுதலாதலின், சுருங்கச் சொல்வதற்கு ‘இரண்டின் 32-ஆம் படியும் ஒன்றும்’ என்போம்.

சென்ற ஆண்டு நடந்த கணித சங்கக் கூட்டமொன்றில் யாம் இவ்வைந்து எண்களையும் கரும்பலகையில் எழுதி, ஆறாவதும் பகா எண்தானா எனக் கேட்டோம். முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ஐந்து சாட்சிகள் ஒருமுகமாய்ச் சொன்ன பின்பு ஆறாவது சாட்சியை விசாரிப்பானேன்?” என்றார். அவையில் நகை எழுந்தது. ஆயினும் அவர் சொன்னது, நாம் சொல்லப்போகும் பேரறிஞர் எண்ணியதினின்றும் பெரிதும் வேறன்று. அவ்வறிஞர் தாமும் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் சபையினர் என்பது அம்மாணவர்க்குத் தெரியாது.

அவர் பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகர நியாயசபையில் உறுப்பினராயிருந்த பியேர் தெ பெர்மா என்பார். கணிதம் அவர்க்கு வாழ்க்கைத் தொழிலன்று. ஓய்வு நேரத்து இன்பமே. தாம் கண்ட உண்மைகளை நூலாக வெளியிடாது, நண்பர்க்கு எழுதும் கடிதங்களிலும், படிக்கும் நூல்களின் ஓரங்களிலும் குறித்துவைத்தல் அவர் வழக்கம். பெரும்பாலும் நிரூபணத்தை எழுதுவதில்லை. முடிவை மட்டும் கூறி, முடிந்தால் நீர் நிரூபித்துக் காட்டும் என்பது போல விட்டுவிடுவார். இவ்வழக்கத்தைப் பிற்காலத்தார் மிகச் சிலாகித்துப் பேசுவர். யாம் அத்துணைச் சிலாகிப்பதற்கில்லை. விடைத்தாளில் வழியை எழுதாது விடையை மட்டும் எழுதும் மாணவர்க்கு நம் ஆசிரியர்கள் எத்துணை மதிப்பெண் அளிப்பர் என்பதை நேயர்கள் அறிவர்.

1640-ஆம் ஆண்டில் பெர்மா, பாரிஸ் நகரத்து நாணயசபை அதிகாரியும் எண்கணக்கில் மிக வல்லுநருமாகிய பிரெனிக்கிள் என்பவர்க்கு எழுதிய கடிதத்தில், மேலே காட்டிய முறையிற் பிறக்கும் எண்களனைத்தும் பகா எண்களே எனத் தாம் உறுதியாக நம்புவதாகக் கூறி, 3, 5, 17, 257, 65537, 4294967297 எனவும், அதற்கு மேற்பட்ட 18446744073709551617 எனவும் வரிசைப்படுத்தினார். முறையான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வகுக்கக்கூடிய எண்கள் மிகப் பலவற்றைத் தக்க காரணங்காட்டி விலக்கிவிட்டதாகவே எழுதினார். இதுவரை குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல நம்பிக்கை முதிர்ந்தது. 1659-இல் கார்கவி என்னும் நண்பர்க்குத் தம் கண்டுபிடிப்புக்களைத் தொகுத்து எழுதியபோது, தமக்கே உரிய இறங்குமுறையால் நிலைநாட்டத்தக்க செய்திகளுள் இதனையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். 1665-இல் அவர் காலமானார். அதுவரை எவரும் ஆறாவது எண்ணை வகுத்துக் காட்டவில்லை. பிரெனிக்கிள் பெரிய எண்களைப் பகுப்பதிற் பெயர்பெற்றவர். அவரும் இதனை விட்டுவிட்டது எமக்குப் பெருவியப்பே.

இனி அரங்கு ரஷ்யாவிற்கு மாறுகின்றது. 1729-ஆம் ஆண்டு டிசம்பரில் கோல்டுபாக் என்னும் கணித ஆர்வலர், சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து விஞ்ஞானக் கழகத்தில் பணிபுரிந்த ஆய்லர் என்னும் இளைஞர்க்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், பெர்மாவின் இக்கூற்றை அறிவீரா எனக் கேட்டிருந்தார். ஆய்லர் முதலில் அதனிற் பெரிதும் ஈடுபடவில்லை. கோல்டுபாக்கு விடாது தூண்டவே, அவர் மனம் அத்துறையிற் சென்றது. 1732-இல் அவர் கழகத்தின்முன் அளித்த சிறு கட்டுரையில் 4294967297 என்பது 641-ஆல் வகுபடும் எனக் கூறினார். அது 1738-இல் அச்சேறியது. பின்குறிப்பாக வந்த ஒரு கேள்வியால் ஆய்லர் எண்ணியலுக்குட் புகுந்தார் என்பதை நினைக்குந்தோறும், கடிதத்தின் பின்குறிப்பைப் படியாது மடித்து வைப்பார்மீது எமக்கு இரக்கமே உண்டாகின்றது.

நேயர்கள் எம் சொல்லை நம்ப வேண்டுவதில்லை. ஒரு துண்டுக் காகிதம் போதும். காரணிகள் 641, 6700417 என்பன. 6700417-ஐ 600-ஆற் பெருக்க 4020250200. 40-ஆற் பெருக்க 268016680. ஒன்றாற் பெருக்க 6700417. மூன்றையும் கூட்டுக: 4294967297.

பெருக்காமலே இவ்வுண்மையைக் காட்டும் வழி ஒன்றுண்டு. அதன் அழகு பற்றி இங்கே தருகின்றோம். 641-ஐ இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகை 640-உம் 1-உம்; 640 என்பது ஐந்து 128; 128 இரண்டின் 7-ஆம் படி. மற்றொரு வகை 625-உம் 16-உம். முன்னது ஐந்தின் 4-ஆம் படி, பின்னது இரண்டின் 4-ஆம் படி. இரண்டாம் வகையை எடுத்து, 641-ஐ இரண்டின் 28-ஆம் படியாற் பெருக்குவோம். 16-இன் பகுதி இரண்டின் 32-ஆம் படியாகும். 625-இன் பகுதியோ, ஐந்தின் 4-ஆம் படியும் இரண்டின் 28-ஆம் படியும் பெருகியதாதலின், 640-இன் 4-ஆம் படியேயாகும். ஆகவே, 640-இன் 4-ஆம் படியையும் இரண்டின் 32-ஆம் படியையும் கூட்டிய தொகை 641-ஆல் வகுபடும். இனி முதல்வகையை நோக்குக. 640-இன் வர்க்கத்தில் ஒன்று குறைந்தால் அது 639-ஐ 641-ஆற் பெருக்கியது. 640-இன் 4-ஆம் படியில் ஒன்று குறைந்ததோ, அந்த வர்க்கத்தில் ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் தம்முட் பெருக்கியது. ஆகவே அதுவும் 641-ஆல் வகுபடும். முன் தொகையினின்றும் இதனைக் கழித்தால் எஞ்சுவது யாது? இரண்டின் 32-ஆம் படியும் ஒன்றும். 641-ஆல் வகுபடும் ஒன்றிலிருந்து 641-ஆல் வகுபடும் மற்றொன்றைக் கழிக்க வருவதும் அதனால் வகுபடுமன்றோ? நானூறு கோடிக்கு மேற்பட்ட எண் ஒன்றை ஒரு வகுத்தலும் இன்றி வகுத்துவிட்டோம்.

இவ்வழி விடை தெரிந்தபின் அதனை மெய்யெனக் காட்டும் வழியேயன்றி, விடையைத் தேடும் வழியன்று. 641-ஐத் தேடிப் பிடிப்பது எங்ஙனம்? சிறியதிலிருந்து வரிசையாகப் பகா எண்களால் வகுத்துக்கொண்டே சென்றாலும் 641 என்பது 116-ஆவது பகா எண். பொறுமையுடையான் இரண்டு மூன்று நாளில் அடைந்துவிடுவான். ஆய்லர் அத்துணையும் உழைக்கவில்லை. தேடும் வட்டத்தை மிகச் சுருக்கும் விதி ஒன்றைப் பிற்காலத்து அவர் விளக்கிக் கூறினார். அவ்விதியின் வேர் பெர்மாவினுடையதே.

ஏழால் 2, 4, 8, 16, 32, 64 என்னும் எண்களை வகுத்து மீதிகளைப் பார்க்க: 2, 4, 1, மீண்டும் 2, 4, 1. மூன்று படிக்கு ஒருமுறை மீதி ஒன்றாகி, சக்கரம் திரும்பவும் சுற்றுகின்றது. ஏழில் ஒன்று குறைந்த ஆறை இம்மூன்று வகுக்கும். பதினேழால் வகுப்பின் மீதிகள் 2, 4, 8, 16, 15, 13, 9, 1. சக்கரத்தின் நீளம் எட்டு. பதினேழில் ஒன்று குறைந்த பதினாறை எட்டு வகுக்கும். ஒற்றைப்படைப் பகா எண் எதுவாயினும், அதனினும் ஒன்று குறைந்த எண்ணை இச்சக்கரத்தின் நீளம் தவறாது வகுக்கும். இவ்வுண்மை பெர்மாவின் தேற்றங்களுள் ஒன்றனுள் அடங்கியது. அதனை அவர் யாருக்கு, எப்போது எழுதினார்? அதே பிரெனிக்கிளுக்கு, அதே 1640-ஆம் ஆண்டில், அக்டோபர் மாதத்தில்!

இதனை நம் எண்ணுக்குப் பொருத்துவோம். ஒரு பகா எண் இரண்டின் 32-ஆம் படியும் ஒன்றும் சேர்ந்ததை வகுக்குமென்று கொள்வோம். அங்ஙனமாயின் 32-ஆம் படியை அப்பகா எண்ணால் வகுக்க, ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்று குறையும். ஒன்று குறைவை ஒன்று குறைவாற் பெருக்க, மீதி ஒன்றாம். ஆகவே 64-ஆம் படியில் மீதி ஒன்று. எனவே சக்கரத்தின் நீளம் 64-ஐ வகுப்பது. அது 32 அல்லது அதனை வகுக்கும் சிறிய எண்ணாயின், 32-ஆம் படியிலேயே மீதி ஒன்றாகியிருக்கும், அங்ஙனம் ஆகவில்லை. ஆகவே நீளம் சரியாக 64. அஃதாவது, நம் எண்ணின் காரணியாதற்குரிய பகா எண் எதுவாயினும், அதில் ஒன்று குறைத்தால் 64-ஆல் வகுபடல் வேண்டும்.

இவ்விதி கையில் வந்தபின் மலை மடுவாகின்றது. 64-இன் மடங்குகளுடன் ஒன்று கூட்டிச் செல்க: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றுட் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்தே. வகுத்தால் முதல் நான்கிற்கும் மீதி முறையே 109, 2, 325, 288. ஐந்தாவதற்கு மீதி இல்லை. ஐந்து வகுத்தல்! அரை மணி நேரத்து வேலை. 1878-இல் லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் 64-க்குப் பதிலாக 128 எனவே கொள்ளலாம் எனக் காட்டினார். அங்ஙனமாயின் 257-உம் 641-உம் என இரண்டே எஞ்சும்.

மேற்சொன்ன கூட்டத்தில் இவ்வைந்து எண்களையும் ஐந்து மாணவர்க்குப் பகிர்ந்தளித்து வகுக்கச் சொன்னோம். 641 கிடைத்தவர் மிக விரைந்து முடித்து, மீதி உளது என அறிவித்தார். யாம் ஒன்றும் சொல்லாதிருந்தோம். சிறிது நேரத்தில் அவர்க்குப் பக்கத்திலிருந்தவர் தாளை எட்டிப் பார்த்து, நடுவே ஒரு கழித்தலில் கடன் வாங்கியதை மறந்தமையைச் சுட்டினார். திருத்தியபின் மீதி மறைந்தது. பக்கத்தில் ஒருவர் இல்லாதிருப்பின் 4294967297 அன்றும் ஒருமுறை பகா எண்ணாகவே தப்பியிருக்கும். பெர்மாவின் கதையும் இதுவாகவே இருத்தல் கூடும். அவர் தம் விதியைப் பயன்படுத்தி 641-ஆல் வகுத்துப் பார்த்தே இருப்பார், ஒரு சிறு கூட்டல் கழித்தற் பிழையால் மீதி வந்திருக்கும், பின்னர் அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. அவர் வகுத்த தாள் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் எம் மனம் இக்கருத்தின்பாலே சாய்கின்றது. இத்தகைய விதியைக் கண்டவர் ஐந்து வகுத்தலுக்குச் சோம்பினார் என்பதினும், ஒரு கழித்தலில் வழுவினார் என்பது நம்பத்தக்கது.

எஞ்சிய காரணியாகிய 6700417 பகா எண்தானா என்பதையும் இவ்விதியே தீர்க்கும். அதன் காரணியும் நம் பேரெண்ணின் காரணியாகுமாதலின், 128-இன் மடங்கில் ஒன்று கூடிய பகா எண்ணாதல் வேண்டும். 6700417-இன் வர்க்கமூலமாகிய 2588-க்கு உட்பட அத்தகையன 257, 641, 769, 1153, 1409 என்னும் ஐந்தே. வகுக்க வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஆகவே 6700417 பகா எண்ணே. இருபெருங் காரணிகளும் 128-ஐத் தம்முட் கொண்டே நிற்கின்றன: 641 என்பது 128-இன் ஐந்து மடங்கும் ஒன்றும், 6700417 என்பது 128-இன் 52347 மடங்கும் ஒன்றும்.

வகுத்தலையே நாடாது இவ்வெண் பகு எண்ணென அறிய வேறொரு வழியும் உண்டு. அதற்கு வேண்டிய கருவியும் பெர்மாவின் பட்டறையிலிருந்தே வந்தது. நான்கால் வகுக்க மீதி ஒன்று தரும் பகா எண் எதுவும் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகும். அதுவும் ஒரே ஒரு வகையில்தான் ஆகும். ஐந்து என்பது நான்கும் ஒன்றும்; பதின்மூன்று என்பது ஒன்பதும் நான்கும். வேறு வகையில் அவற்றைப் பிரிக்க முடியாது. நம் எண் பிறப்பிலேயே 65536-இன் வர்க்கமும் ஒன்றின் வர்க்கமும் சேர்ந்தது. ஆனால் 62264-இன் வர்க்கமாகிய 3876805696-ஐயும், 20449-இன் வர்க்கமாகிய 418161601-ஐயும் கூட்டிப் பார்க்க: 4294967297! இரண்டு வகை வந்துவிட்டமையின் இது பகா எண்ணாதல் இயலாது. இவ்விரண்டாம் வகை எங்கிருந்து வந்ததெனின், 641 என்பது 25-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும். 6700417 என்பது 2556-இன் வர்க்கமும் 409-இன் வர்க்கமும். 25-ஐ 2556-ஆற் பெருக்க 63900. 4-ஐ 409-ஆற் பெருக்க 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25-ஐ 409-ஆற் பெருக்க 10225. 4-ஐ 2556-ஆற் பெருக்க 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449. இந்நான்கு விடைகளும் தத்தம் இடத்தில் வந்து பொருந்துவதைக் கண்ட நாள் எமக்கு உறக்கம் வரச் சற்றுத் தாமதமாயிற்று.

அமெரிக்காவிலிருந்து லண்டன் நகருக்கு 1812-இல் அழைத்துவரப்பட்ட ஸீரா கோல்பர்ன் என்னும் எட்டு வயதுச் சிறுவன், 4294967297-இன் காரணிகளைக் கேட்டபோது தாளும் எழுதுகோலுமின்றி 641 என விடை கூறினான் என எழுதிவைத்திருக்கின்றனர். எங்ஙனம் கண்டாய் எனின் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். மாணவர்க்கு அவனை உதாரணமாகக் காட்ட யாம் துணியோம்.

பெர்மாவின் கூற்று வீழ்ந்ததோடு இவ்வெண் வரிசையின் கதை முடிந்துவிட்டது என எண்ணியிருந்தோர்க்கு 1796-இல் ஒரு வியப்புக் காத்திருந்தது. ஜெர்மனி தேசத்தில் பத்தொன்பது வயது நிரம்பாத காஸ் என்னும் மாணவர், அளவுகோடில்லாத வரைகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு பதினேழு பக்கமுடைய சமபலகோணத்தை வரையலாம் எனக் கண்டார். மூன்று பக்கத்தினதும் ஐந்து பக்கத்தினதும் யூக்ளிட் காலத்திலேயே அறியப்பட்டவை. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் வந்த புதுமை இது. 1801-இல் வெளிவந்த தம் நூலில் காஸ், பக்கங்களின் எண்ணிக்கை பெர்மா வரிசையைச் சேர்ந்த பகா எண்ணாயினும், அத்தகைய வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாயினும், அவற்றை இரட்டித்துச் செல்வனவாயினும் அக்கோணத்தை வரையலாம் என விளக்கினார். ஏனையவற்றை வரைய முடியாது என்பதன் நிரூபணத்தை 1837-இல் வான்ட்செல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்டார். ஹெர்மெஸ் என்னும் ஜெர்மானியர் 65537 பக்கக் கோணத்தின் கணக்கிற்காகப் பத்தாண்டுகள் உழைத்து, அத்தாள்களைக் கெட்டிங்கன் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் ஒப்படைத்தார். அவை ஒரு பெட்டி நிறைய உள்ளன. 4294967297 பகா எண்ணாயிருந்திருப்பின் அடுத்த தவசி ஒருவர்க்கு எத்துணைப் பெட்டிகள் வேண்டியிருந்திருக்கும்!

இங்கே நம் பாதிப் பலகையை மறுபடியும் நோக்குதல் தகும். அறியப்பட்ட ஐந்து பெர்மாப் பகா எண்களாகிய 3, 5, 17, 257, 65537 என்பவற்றை ஒன்றொடொன்று பெருக்கினால் வருவது 4294967295. முப்பத்திரண்டு கட்டத்து நெல்லின் தொகை அதுவே. ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள பக்கங்களோடு வரையத்தக்கதென இன்றுவரை அறியப்பட்ட கோணங்களுள் மிகப் பெரியதும் இத்தனை பக்கமுடையதே. இந்நூற்றாண்டினர்க்கு இவ்வெண் வேறொரு வகையிலும் பழக்கமானது. முப்பத்திரண்டு இருமை இலக்கங்களில் எண்ணும் கணிப்பொறி காட்டவல்ல மிகப் பெரிய எண் 4294967295 ஆகும். நம் 4294967297-ஐ அதன் இலக்கப் பேழைக்குள் வைப்பின், மேலிலக்கம் வழிந்துபோக, அப்பொறி ‘1’ என்றே காட்டும்.

பெர்மா எழுதிய வரிசையில் ஏழாவதாகிய 18446744073709551617 முழுப் பலகையின் நெல்லினும் இரண்டு கூடியது. அதுவும் பகு எண்ணே. 1880-இல், எண்பது வயதைக் கடந்த லாண்ட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர் 274177, 67280421310721 என்னும் இரு காரணிகளாக அதனைப் பிளந்தார். ஆய்லர்க்கு வயது இருபத்தைந்து. லாண்ட்ரிக்கு எண்பது சொச்சம். இத்துறையில் வயது ஒரு பொருட்டன்று போலும். அடுத்த எண்ணை 1970-இலும், அதற்கடுத்ததை 1980-இலும் கணிப்பொறியின் துணைகொண்டு பிளந்தனர்.

இதுவரை ஆராய்ந்து முடிந்தவற்றுள், 65537-க்கு மேல் இவ்வரிசையில் ஒரு பகா எண்ணும் கிடைத்திலது. பெர்மா சொன்னதற்கு நேர்மாறாக, இனி வருவன எல்லாம் பகு எண்களே என இக்காலத்தார் பலர் கருதுகின்றனர். அதற்கும் நிரூபணம் இல்லை. 3-ஐப் பூச்சியமாவது எண்ணாகவும் நம் 4294967297-ஐ ஐந்தாவதாகவும் எண்ணிச் செல்லும் வழக்கப்படி, ஐந்தாவது முதல் முப்பத்திரண்டாவது வரையுள்ளவை யாவும் பகு எண்களெனத் தெளியப்பட்டுள்ளன. அவற்றுள் இருபதாவது எண் 3,15,653 இலக்கமுடையது. அது பகு எண் என்பது 1987-இலேயே நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அதன் காரணிகளுள் ஒன்றையேனும் இன்றுவரை எவரும் கண்டிலர். ஓர் எண்ணின் காரணியை அறியாமலே அது பகுமென அறிவது எங்ஙனம் என நேயர்கள் வினவலாம். பெப்பான் என்பார் 1877-இல் கண்ட சோதனையே அதற்கு வழி. அதனிலும் பெர்மாவின் மீதிச் சக்கரமே சுழல்கின்றது. இரண்டின் படிகளுக்குப் பதிலாக மூன்றின் படிகளை எடுத்துக்கொள்வர். முப்பத்துமூன்றாவது எண்ணோ ஏறக்குறைய 258 கோடி இலக்கங்கள் கொண்டது. அது பகுமா பகாதா என்பது இன்னும் எவர்க்கும் தெரியாது.